மாடு செத்தால் முதல் போன் யாருக்கு?

கேள்வி: புதிதாக வேலையில் சேர்ந்த கால்நடை உதவி மருத்துவர் நான். நன்றாக மேய்ந்த மாடு திடீரென்று செத்து, மூக்கில் ரத்தம் ஒழுகினால் பிரேதப் பரிசோதனை கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

பதில்: ஏன் என்று தெரியாத விதியைக் களத்தில் முதலில் மீறிவிடுவோம், நல்ல கேள்வி. ரத்தம் கறுத்து, உறையாமல் மூக்கிலும் ஆசனவாயிலும் கசிந்தால், உடல் விறைக்காமல் சீக்கிரம் உப்பினால், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ், மாட்டிலிருந்து மனிதருக்கும் ஒட்டும் நோய்) என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அறுக்காத உடலுக்குள் இந்தக் கிருமி எளிதில் சாகாத வித்தாக (ஸ்போர்) மாறாது. அழுகல் கிருமிகளே இரண்டு மூன்று நாளில் அதை ஒழித்துவிடும். கத்தி வைத்தால் காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

காது ரத்த நாளத்தில் ஒரு துளி ரத்தம் போதும். ஸ்லைடில் மெல்லிசாக இழுத்துக் காயவிட்டு, ஆல்கஹாலில் ஒரு நிமிடம் வையுங்கள். சுடரில் காட்டும் பழக்கம் இங்கே வேண்டாம். அந்தச் சூட்டுக்கு வித்து சாகாது. பிறகு பாலிகுரோம் மெத்திலீன் புளூ சாயம், ஒரு நிமிடம். நுண்ணோக்கியில் நுனி வெட்டிவிட்டாற்போன்ற நீலக் குச்சிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அடைப்பான்தான். ஒரு நாள் தாமதித்தால் அழுகல் கிருமிகள் மண்டி, பார்ப்பது குழம்பிவிடும். குத்திய இடத்தையும் மற்ற துவாரங்களையும் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் அடையுங்கள். குறைந்தது 6 அடி ஆழத்தில், ரத்தம் சிந்திய மேல்மண்ணையும் சேர்த்துப் புதையுங்கள்.

சுற்றியுள்ள மாடுகளுக்கு ராணிப்பேட்டையில் தயாராகும் தடுப்பூசி உண்டு. அதில் இருப்பது உயிருள்ள வித்து. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடவே பெனிசிலின் போட்டால், ஊசி வீண்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். பி.பி.இ. கிட் (தொற்றுத் தடுப்பு உடை) அணிவதை ஒரு மணி நேரம் செய்து காட்டினார்கள். அது போதுமா?

பதில்: அணிவதைப் பார்த்தே கற்கலாம். கழற்றுவது கைப்பழக்கம். கேரளத்தில் 2018 நிபா வைரஸ் பரவலில் 17 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒட்டியது மருத்துவமனையில்தான்.

அடுத்த பயிற்சியில் புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியைக் கேளுங்கள். கவுனிலும் கையுறையிலும் பூசிவிட்டு, கழற்றி, இருட்டறையில் விளக்கடித்துப் பாருங்கள். மணிக்கட்டிலும் கழுத்திலும் மினுங்கும் கோடுகள் ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட நன்றாகப் பாடம் சொல்லும். வரிசை: கையுறை, கண்ணாடி, உள்புறம் வெளியே வரச் சுருட்டியபடி கவுன். என்-95 மாஸ்க் கடைசியில், அறைக்கு வெளியே வந்தபின். கீழ்நாடா முதலில், மேல்நாடா பிறகு. ஒவ்வொன்றுக்கும் நடுவே கிருமிநாசினித் திரவம் சுமார் 3 மி.லி., 20 முதல் 30 விநாடி தேய்ப்பு. வியர்வையில் கண்ணாடி மங்கியதும் கை தானாக முகத்துக்குப் போகும். தப்பு நடப்பது அங்கேதான். அதனால் ஒத்திகையை ஏ.சி. அறையில் நடத்தாதீர்கள். எதிரே ஒருவர் நின்று, அடுத்து என்ன என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

கேள்வி: டாக்டர்களையும் கால்நடை மருத்துவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு நாள் பயிற்சி நடத்தப்போகிறோம். எதை வைத்து நடத்துவது?

பதில்: முதல் கேள்விக்காரரின் மாட்டையே வையுங்கள். சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2001 முதல் களப் பயிற்சி தருகிறது. அங்கே படித்தவர் யாராவது உங்கள் மாவட்டத்தில் இருந்தால் நடத்தச் சொல்லுங்கள். ஸ்லைடு ஷோ வேண்டாம். ‘மாடு செத்தது காலை 6 மணி, கறி பங்கு போட்டது 9 மணி’ என்று ஒரு சீட்டுக் கொடுத்து, ‘இப்போது யாருக்குப் போன்?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே அழைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இருக்கும் எண் மாற்றலாகிப் போனவருடையதாக இருக்கும்; பல ஒத்திகைகள் கவிழ்வது இங்கேதான்.

7-1-7 என்றொரு அளவுகோல் உண்டு: நோய்ப்பரவலை 7 நாளுக்குள் கண்டறிதல், 1 நாளுக்குள் தெரிவித்தல், அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடித்தல். ஒத்திகை நேரத்தை அதில் பொருத்திப் பாருங்கள். அடுத்த சீட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு: அறுத்தவர், தோலுரித்தவர், சமைத்தவர், தின்றவர் பெயர்ப்பட்டியல். அடைப்பான் புண் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரியும். நடுவில் கறுத்திருக்கும், வலிக்காது. வலிக்காததால் ஆள் தானாக வரமாட்டார், செவிலியர்தான் வீடு தேடிப் போகவேண்டும்.