ஒரே தண்ணீரில் இரண்டு தொட்டி

கேள்வி: அண்ணா, என் நான்கடி பவளத்தொட்டிக்கு மூன்று வயது. கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்து மேலே திருப்பி அனுப்பும் தொட்டி) ஓடுகிறது. வெட்டி ஒட்டிய பவளத்துண்டுகள் இடமில்லாமல் நெருக்கியடிக்கின்றன. பக்கத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்து இணைக்க ஆசை. கண்ணாடியில் துளை போடப் பயமாக இருக்கிறது. நடுவில் ஒரு ‘யு’ குழாய் போட்டால் போதாதா? புதுத் தொட்டி சைக்கிள் ஆக, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும்?
– வாசகர், ஈசூன்

பதில்: ‘யு’ குழாய் வேண்டாம் தம்பி. வளைவின் உச்சியில் காற்றுக்குமிழ் சேர்ந்து ஒருநாள் ஓட்டம் அறுந்துவிடும். மோட்டாருக்கு அது தெரியாது, ஒரு தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கும். கடையிலேயே துளை போட்ட தொட்டியாக வாங்கிவிடுங்கள். இருக்கிற தொட்டியில் நீங்களே துளை போட நினைத்தால் முதலில் கண்ணாடி டெம்பர்டா (சூடாக்கிக் கடினமாக்கியதா) என்று பாருங்கள். டெம்பர்டு என்றால் ட்ரில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும்.

சம்ப் மோட்டாரிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதில் வால்வு வைத்துப் புதுத் தொட்டிக்குக் கொடுங்கள். வடியும் குழாய் அதைவிடப் பெரியதாக, வால்வே இல்லாமல் நேரே சம்புக்கு இறங்கட்டும். இரண்டு குழாயிலும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) போட்டு வைத்தால் பின்னால் கழற்றச் சுலபம்.

இனி என் கதை. தண்ணீர் விழும் சத்தம் பிடிக்காமல், உள்ளே வரும் குழாயின் வாயைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தேன். மோட்டார் நின்றால் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி ஓடக்கூடாதே என்று மேலே காற்றுத்துளையும் போட்டிருந்தேன். அரை அரிசி அளவு நத்தை ஒன்று அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு பார்த்து மின்சாரம் ட்ரிப் ஆனது. 60-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் என்றால் 27 லிட்டர். சம்ப் நிரம்பி வழிந்து, காலையில் கூடத்தில் செருப்பு மிதந்தது. வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அதனால் குழாய் வாய் நீர்மட்டத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே இருந்தால் போதும், சத்தம் வந்தால் வரட்டும். எல்லாம் மாட்டியதும் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்துங்கள். இரண்டு தொட்டியும் வடிந்து முடிந்த பிறகும் சம்பில் நான்கு விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள்.

சைக்கிளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பாறையிலும் சம்பிலும் உள்ள பாக்டீரியாவே இதற்கும் வேலை செய்யும், புதிதாக மீன் சேர்க்காதவரை. புது உப்புத்தண்ணீரின் அடர்த்தி, வெப்பம், ஆல்கலினிட்டி (காரத்தன்மை) மூன்றும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்த பிறகு வால்வைத் திறங்கள். தண்ணீர் கூடிவிட்டது என்பதற்காகக் கால்சியம் மருந்தைக் கூட்டாதீர்கள். பவளம் எவ்வளவு இழுக்கிறது என்று டெஸ்ட் செய்து பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இணைத்த தொட்டியைப் புதுப் பவளத்துக்குத் தனிமைத் தொட்டியாகப் பயன்படுத்த முடியாது. ஒன்றில் தட்டைப்புழு வந்தால் இரண்டிலும் வந்த மாதிரிதான். மீனுக்குச் செம்பு மருந்து போட்டாலும், பவளத்துக்கு விஷமான அது சம்ப் வழியாகப் பவளத்துக்கே போய்ச் சேரும். கடையிலிருந்து வரும் துண்டுகளை வைக்க, எந்தக் குழாயும் தொடாத சின்னத் தொட்டி ஒன்று தனியாக இருக்கட்டும்.