புரோபயோடிக் யோகட்: புளிக்கவில்லை என்றால் ஏமாற்றா?

கேள்வி: சுப்பர்மார்க்கட்டில் 'புரோபயோடிக்' என்று போட்ட யோகட், சாதாரண கப்பைவிட விலை கூட. சாப்பிட்டால் புளிப்பே இல்லை. மிச்சத்தைப் பாலில் உறை போட்டேன். இறுகாமல் வழவழவென்று நின்றது. காசைக் கொடுத்து ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை. புளிப்புக் குறைந்ததே பெரும்பாலும் புரோபயோடிக்கால்தான், அதாவது உடலுக்கு நன்மை தருவதற்காகச் சேர்க்கும் உயிருள்ள பக்டீரியாக்களால்தான்.

சாதாரண யோகட்டை உறைய வைப்பவை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ், லக்டோபசிலஸ் பல்கரிகஸ் என்ற இரண்டு பக்டீரியாக்கள். 42 பாகை செல்சியஸ் அளவில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து மளமளவென்று வளரும். யோகட்டுக்கே உரிய வாசனையும் சுள்ளென்ற புளிப்பும் முக்கியமாகப் பல்கரிகஸின் வேலை. பிரிட்ஜில் வைத்த பிறகும் அது சும்மா இருக்காது, மெல்ல மெல்லப் புளிப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் புளிப்பு அசிடோஃபிலஸ், பிஃபிடோ போன்ற புரோபயோடிக் வகைகளுக்கு ஆகாது. நாட்பட நாட்படச் செத்துப்போகும். அதனால் பல தயாரிப்பாளர்கள் பல்கரிகஸைக் குறைத்துவிடுகிறார்கள், சிலர் சேர்ப்பதேயில்லை. பிஃபிடோவையும் அள்ளிப் போட முடியாது. அது அசெற்றிக் அமிலமும் உண்டாக்கும். மிஞ்சினால் வினாகிரி வாடை வந்துவிடும்.

சரி, வழவழப்பு? சில பக்டீரியா வகைகள் பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கும். யோகட்டில் தண்ணீர் பிரியாமல் பிடித்துவைப்பதற்காகவே அவற்றைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. கப்பில் கெட்டியாகத்தானே இருந்தது என்பீர்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், இங்கே விற்கும் யோகட் பலவற்றில் இறுக வைக்கும் ஜெலற்றின் இருக்கும் (விலங்குகளிலிருந்து எடுப்பது, சைவக்காரர் கவனிக்க). உங்கள் பாலில் அது இல்லை. போதாததற்கு, புரோபயோடிக் வகைகள் பாலில் ஆறுதலாகத்தான் வளரும். உறைக்குச் சாதாரண யோகட்டோ சட்டித் தயிரோ போதும்.

இனி வாங்கும்போது, வெறும் 'புரோபயோடிக்' என்ற சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். எந்த வகை என்ற முழுப்பெயர் இருக்க வேண்டும். பலன் வகைக்கு வகை வேறுபடும். காலாவதித் திகதி வரை கிராமுக்குக் குறைந்தது 10 இலட்சம் உயிருள்ள கிருமிகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அந்த எண்ணிக்கையைப் போட்டிருந்தால் நல்லது. அப்புறம், கிட்டடியில் செய்த கப்பாகப் பார்த்து, கடைசியாக எடுத்துக் கூடையில் போடுங்கள். கொழும்பு வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் உள்ளே புளிப்பு ஏறத் தொடங்கிவிடும்.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் கூடுதல் விலையே வேண்டாம். உயிருள்ள சாதாரண யோகட் கிருமிகளே பாலிலுள்ள சர்க்கரையான லக்டோஸைச் செரிக்க உதவும்.