அறையைக் காலி செய்யும் முன்

தம்பி, 24 வயது, கார் லைசென்ஸ் எடுத்து 2 வருடம், அறையை விட்டுவிட்டு இனி லாரி ஓட்டி அதிலேயே குடியிருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் சிக்கலில்லை. 20 வயது முடிந்து, கார் லைசென்ஸ் ஓராண்டு ஆகியிருந்தாலே ஹெவிக்கு, அதாவது லாரி மாதிரி கனரக வண்டிக்கு, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போடலாம். ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் நாமக்கல் வண்டி ஒன்றில் மூத்த டிரைவரோடு ஆறு மாதம் ரெண்டாவது டிரைவராகப் போங்கள். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும், டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்று பார்ப்பதும் அங்கேதான் படியும்.

குடியிருப்பதா? ஸ்டவ், அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் கேபினில் அடங்கிவிடும். வெயில்தான் அடங்காது. ஒரு மே மாதம் நாக்பூரில் லோடுக்காக மூன்று நாள் நின்றேன். கேபினுக்குள் உட்கார முடியாமல் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி அந்த நிழலில்தான் கிடந்தேன். அப்புறம், அறையை விட்டாலும் ஊரில் ஒரு விலாசம் வைத்திருங்கள். ஹெவி லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த விலாசம் தேவைப்படும்.