ஏகமனதாக

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் பகுதியில் உள்ள சிறப்புக் குழந்தைகள் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம். நன்கொடை கேட்டால் கொடுத்துவிடுவேன், நேரம்தான் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? நாளைக்கு ஏதாவது சிக்கல் என் தலையில் விடியுமா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

சிக்கலை முதலில் முடித்துவிடுகிறேன். சங்கமாகப் பதிவான பள்ளி என்றால், 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடா வருடம் கணக்கு பதிவாளருக்குப் போகிறதா என்று பாருங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதையும் கேளுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவ்வளவுதான். நாலு பேர் பழக்கம் கிடைக்கும், ஊரில் பேர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

"கேட்டால் கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் கொங்குச் சீமையில் கொடுக்கிற கைக்குப் பஞ்சமே இல்லை. கோயில் டியூப்லைட்டிலிருந்து ஃபேன் இறக்கை வரை உபயதாரர் பெயர் இருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை. பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதிவைத்ததைப் பெருமையாகச் சொல்வோம். பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926இல் அப்படித்தான் பிறந்தது. எழுதிவைத்தது ஒருமுறை. அதன் பிறகு இத்தனை வருடமும் யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்து முடிவெடுத்ததால்தான் இன்று அங்கே கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நிற்கின்றன. அதை யாரும் பேசுவதில்லை.

கோபிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பள்ளியின் குழுவில் 11 வருடம் இருந்தேன். மினிட் புத்தகத்தை எங்கே திறந்தாலும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றுதான் இருக்கும். மூத்தவர் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் "சரிங்க" என்போம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். உண்மையில் யாரும் காகிதத்தைப் படித்திருக்க மாட்டோம்.

மூன்றாம் வருடம் நான் செயலாளர். என் அப்பா பெயரில் ஒரு ஹால் கட்டலாம், பாதிப் பணம் என்னுடையது, மீதி பள்ளியின் சேமிப்பிலிருந்து என்று தீர்மானம் கொண்டுவந்தேன். "சரிங்க" வருமென்று காத்திருந்தேன். பொருளாளர் ஒரு ரிட்டயர்டு டீச்சர். வவுச்சர் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஒர்க்‌ஷாப் பில்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். "ஏனுங்க தம்பி, வேன் மாசத்துல ஆறு நாள் ஒர்க்‌ஷாப்புல நிக்குது. அந்த ஆறு நாளும் புள்ளைங்க வீட்டுலதான். ஹாலைக் கட்டுனா அதுல யாருங்க உக்காருவாங்க?"

கை தூக்கினோம். என் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஐந்து.

அப்போது எனக்கு 46 வயது. வீட்டிலோ மில்லிலோ அதுவரை நான் சொல்லி நடக்காமல் போனது ஒன்றுமில்லை. முகமெல்லாம் எரிந்தது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன். ஆனால் புது வேனுக்கான செக்கில் என் கையெழுத்தும் வேண்டும். அந்தச் செக் ஒரு வாரம் டிராயரிலேயே கிடந்தது. எட்டாம் நாள் கையெழுத்தைப் போட்டேன்.

வேன் ஓடிய முதல் நாள் நானும் ஏறினேன். நம்பியூரில் ஏறிய ஒரு பையன் நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்து இழுத்தான். ஜன்னலோர சீட் அவனுடையதாம். எழுந்து கொடுத்தேன். உட்கார்ந்ததும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டான், பள்ளி வரும்வரை எடுக்கவில்லை.

அந்த வருடம்தான் என் மகள், "நீங்க சொல்ற படிப்பு வேண்டாம்ப்பா, நான் அக்ரி படிக்கறேன்" என்றாள். பாதியில் வெட்டாமல் அவள் பேசியதை முழுக்கக் கேட்டேன். இரண்டு வருடம் முன்னால் என்றால் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு என்ன கிடைக்கும் என்றீர்களே செ., எனக்குக் கிடைத்தது இது.

மாதம் இரண்டு மணி நேரம் இல்லையென்று என்னிடம் சொல்லாதீர்கள். போவதற்கு முன் கடந்த ஒரு வருட மினிட் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எல்லாமே ஏகமனதாக என்றிருந்தால் கட்டாயம் போங்கள். முதல் கூட்டத்திலேயே வவுச்சர் கட்டைக் கேளுங்கள்.