ஒரே களிம்பு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகுமா?

கேள்வி: சாயப்பட்டறையில் வேலை செய்யும் என் கணவருக்கு நான்கு மாதங்களாகத் தொடையிடுக்கில் வட்ட வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகப் படர்கிறது. இப்போது ஐந்து வயது மகனுக்கு மூக்கின் கீழே புண் வந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. பாக்டீரியா, பூஞ்சை இரண்டுக்குமான மருந்து என்பதால் அதையே அவனுக்கும் தடவலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தடவ வேண்டாம், அம்மா. உங்கள் கணவரும் அதைத் தொடர்வது நல்லதல்ல.

கணவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது. கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்றும் சேர்ந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பை அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும்போதே அது தோலின் எதிர்ப்புச் சக்தியையும் தணித்துவிடுவதால், பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுமையாக மறைவதில்லை. நம் நாட்டில் படர்தாமரை இன்று இவ்வளவு பிடிவாதமான நோயாகிவிட்டதற்கு இத்தகைய களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைத் திருத்திய பின்னும் அவை கைக்கு எளிதாகக் கிடைப்பது வருத்தத்துக்குரியது.

அந்தக் களிம்புக் குழாயையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். தோலைச் சற்றே சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். நீண்ட நாள் பரவிய படர்தாமரைக்கு மாத்திரையும் தேவைப்படலாம். பூஞ்சைக் களிம்பு மட்டும் போதுமென்றால், குளோட்ரிமசோல் போன்றவற்றைக் காலையும் இரவும் ஈரமில்லாத தோலில், வட்டத்தின் விளிம்புக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகத் தடவ வேண்டும். சிவந்த வட்டம் மறைந்ததும் விட்டுவிடாமல் மேலும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் பாதியில் நிறுத்துவதால்தான். பட்டறையில் நனைந்த உள்ளாடையோடு நாள் முழுவதும் இருக்க நேர்ந்தால், மாற்று உடை ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அவருடைய துவாலையை வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.

மகனுடைய புண்ணோ, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், பாக்டீரியாவால் வரும் பொருக்குச் சிரங்காக இருக்கலாம். பூஞ்சை மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைக் கொல்லாது. குழந்தையின் முகத்தில் வீரியமான ஸ்டீராய்டு படவே கூடாது. புண் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் மியூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலக் களிம்பைச் சில நாட்களுக்கு மருத்துவர் எழுதித் தருவார். பொருக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல அகற்றிய பின் தடவுங்கள். தடவும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். அவன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாளாவது பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ புண் பல இடங்களுக்குப் பரவினாலோ களிம்பு போதாது. புண் ஆறிய சில வாரங்களுக்குள் முகம் வீங்கினால், அல்லது சிறுநீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.