டிவோர்ஸ் ஆகியும் ஒரே காம்பவுண்ட்ல ஏன்? ‘ஸ்ப்ளிட்டிங் அப் டுகெதர்’ கதை

‘ஸ்ப்ளிட்டிங் அப் டுகெதர்’ங்கிற அமெரிக்க டிவி காமெடி சீரிஸ்ல டிவோர்ஸ் ஆன லீனாவும் மார்ட்டினும் ஏன் தனித்தனியா போகலன்னு கேட்டிருக்கீங்க. பசங்களுக்காகத்தான். மூணு பசங்களும் வீட்டை விட்டு நகரவே மாட்டாங்க, அப்பாவும் அம்மாவும்தான் வாரம் ஒருத்தரா மாறிக்குவாங்க, ஒருத்தர் வீட்ல பசங்களோட, இன்னொருத்தர் அதே இடத்துல இருக்குற கராஜ்ல. நிஜத்துலயும் அமெரிக்கால சில பேர் இப்படி இருக்காங்க, ‘பேர்ட் நெஸ்டிங்’னு பேரு, கூடு அப்படியே இருக்கும், பெரிய பறவைங்கதான் வந்து போகும். பை தூக்கிட்டு ரெண்டு வீட்டுக்கும் அலையுற பிள்ளைங்கள பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதனால இந்த ஐடியா எனக்கு ரொம்பவே பிடிச்சிருச்சு.

இதுல அழகே என்னன்னா, மார்ட்டின் முறை வரும்போது சமையல், பசங்க பிரச்சனை எல்லாம் அவர் தலைலதான், அப்பதான் லீனா இத்தனை வருஷம் தனியா எவ்வளவு சுமந்தாங்கன்னு அவருக்கு உறைக்குது, அவர் மாறுறத பாத்து லீனாவுக்கும் மனசு அசையுது.

டென்மார்க் சீரிஸ் ஒண்ணோட ரீமேக் இது. ஜென்னா ஃபிஷர், ஆலிவர் ஹட்சன் நடிச்சு ஏபிசிங்கிற அமெரிக்க சேனல்ல 2018 மார்ச்ல ஆரம்பிச்சுது. ரெண்டு சீசன், மொத்தம் 26 எபிசோட், 2019ல நிறுத்திட்டாங்க, இன்னும் ஒரு சீசனாவது விட்டிருக்கலாம்.