குவாரி அறிக்கையின் முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். 200 பக்கம் வந்துவிட்டது. "இதில் என்னதான் சொல்ல வருகிறீர்கள்?" என்று திருப்பிவிட்டார்கள். எங்கே சரிசெய்வது?

பதில்: பக்கத்தைக் குறைக்க வேண்டாம். முழு அறிக்கையில் என்னென்ன அத்தியாயங்கள் வேண்டும் என்று மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்லிவிடுகிறது. கவனம் வைக்க வேண்டியது சுருக்க அறிக்கையில். அது ஏ4 தாளில் 10 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையின் விதி. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும் ஊரார் தமிழில் படிப்பதும் அதைத்தான். எது கெடும், யாருக்குக் கெடும், என்ன நிபந்தனை போட்டால் தாங்கும் என்பது அதன் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

"நீராதாரங்களில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்காது" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள் (அளவுகள் மாதிரிக்கு): "குவாரிக்கு மேற்கே 120 மீட்டரில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போகிறது. கழிவு மண்ணை அந்தப் பக்கம் குவித்தால் மழையில் கரைந்து கால் தூர்ந்துவிடும். 80 ஏக்கர் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் குறையும். மண்மேட்டைக் கிழக்கே மாற்ற இடம் இருக்கிறது." படித்தவர் அங்கேயே நிபந்தனையை எழுதிவிடலாம்.

இந்தச் சீமையில் அறிக்கைகள் அதிகம் சறுக்குவது வரத்துக்காலில்தான். அடிப்படைத் தரவை வழக்கமாக மழையில்லாத மூன்று மாதத்தில் எடுப்பார்கள். செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். வைகாசியில் போய்ப் பார்த்தால் கால் வெறும் செம்மண் பள்ளமாக, கருவேலம் மண்டிக் கிடக்கும். "ஓடை எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு வருவார்கள். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊர் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்துவிடுங்கள். தண்ணீர் எங்கே புகுந்து எந்த மடை வழியாகப் போகும் என்று அவர் காட்டுவார்.

பறவைகளும் அப்படித்தான், பருவத்தில் போனால்தான் தெரியும். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாறைக்கு வெடி வைக்கும் திட்டம் என்றால், எந்தெந்த மாதம் வெடிப்பு நிறுத்தப்படும் என்பது சுருக்கத்திலேயே வர வேண்டும்.

தூசிக்கு மூன்று எண்ணும் ஒரே வரியில் நிற்கட்டும்: இப்போது உள்ள பி.எம்.10 (காற்றில் மிதக்கும் நுண்தூசி) அளவு, குவாரியால் கூடுவது, கூட்டுத்தொகை. பக்கத்திலேயே 24 மணி நேர வரம்பான, கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கூடுவதை மட்டும் போட்டால் சின்னதாகத் தெரியும். வரம்பைத் தாண்டுகிறதா என்பது மறைந்துபோகும். லாரியையும் டன்னில் சொல்லாதீர்கள். நாளுக்கு 300 டன், 15 டன் டிப்பர் என்றால் 20 லோடு, போக வர 40 நடை. 10 மணி நேர வேலையில் கால் மணிக்கு ஒரு வண்டி தெருவைக் கடக்கும். பள்ளி விடும் நேரத்தில் நிறுத்தலாமா என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

தடுப்பு நடவடிக்கை எதுவானாலும் அளவு, பொறுப்பாளர், செலவு, சரிபார்க்கும் முறை நான்கும் வேண்டும். "தண்ணீர் தெளிக்கப்படும்" என்றால் எவ்வளவு? 6,000 லிட்டர் டேங்கர் நாளுக்கு நான்கு நடை என்றால் 24,000 லிட்டர். அது எந்த போர்வெல்லிலிருந்து வருகிறது? வறண்ட பூமியில் அதுவே தனியொரு பாதிப்பு. அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

தமிழ்ச் சுருக்கத்தைக் கடைசி இரவில் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்காதீர்கள். ஊரணி குடிக்க, கண்மாய் பாசனத்துக்கு. இரண்டையும் "நீர்நிலை" என்று ஒரே சொல்லில் போட்டால், எந்தத் தண்ணீருக்கு ஆபத்து என்று கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. ஊர்ப்பெயரோடு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள்.